‘பிடிக்கலைன்னா வெளியே வந்துடலாமே?’ - மூடிய சமயச் சமூகத்தை விட்டு வருவோர் கொடுக்கும் விலை

நெட்ஃபிலிக்ஸில் ‘அன்ஆர்தடாக்ஸ்’ பார்த்தீர்களா? 2020இல் வந்த தொடர். நான்கே பாகம். நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் வட்டாரத்தில், கட்டுப்பாடு மிகுந்த யூதச் சமூகத்தில் வளர்ந்த 19 வயதுப் பெண், வீட்டில் யாரிடமும் சொல்லாமல் விமானம் ஏறி பெர்லினுக்குப் போய்விடுவார். “அப்பாடா, தப்பிச்சிட்டா!” என்று நம்மில் பலர் பெருமூச்சு விட்டிருப்போம்.

அந்தத் தொடருக்கு அடிப்படையான நூலை எழுதியவர் டெபோரா ஃபெல்ட்மன். அவருடைய நிஜ வாழ்க்கையில் எதுவும் ஒரே நாளில் நடக்கவில்லை. திருமணமாகி, மகன் பிறந்து, கல்லூரியில் படிக்கத் தொடங்கி, அதற்குப் பிறகுதான் மகனைக் கூட்டிக்கொண்டு வெளியேறினார். நூல் வெளிவந்தது 2012இல். பெர்லினுக்குக் குடிபெயர்ந்தது 2014இல். தொடரில் வரும் பெர்லின் கதை பெரும்பாலும் கற்பனை.

இப்படிப்பட்ட கதைகளைக் கேட்கும்போது நமக்குச் சட்டென்று ஒரு கேள்வி வரும். “பிடிக்கலைன்னா வெளியே வந்துடலாமே? யாரும் கட்டிப்போடலையே?”

உண்மைதான். யாரும் கட்டிப்போடவில்லை. அமெரிக்காவிலோ இஸ்ரேலிலோ ஒருவர் தம் சமயச் சமூகத்தை விட்டு விலகுவதைச் சட்டம் தடுக்கவில்லை. அப்படியிருந்தும் அது ஏன் அவ்வளவு கடினம்? வெளியேறுபவர் எதையெல்லாம் இழக்கிறார்? அரசாங்கங்கள் என்ன செய்கின்றன?

எந்தச் சமயம் சரி, எது தவறு என்பது இந்தக் கட்டுரையின் கேள்வி இல்லை. வெளியேறும் உரிமை காகிதத்தில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தத் தேவையானவை கையில் இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி.

யார் இந்த ஹரேடி யூதர்கள்?

யூதர்களில் சமய விதிகளை மிகக் கண்டிப்பாகப் பின்பற்றும் பிரிவினரை ‘ஹரேடி’ என்கிறார்கள். எபிரேய மொழியில், இறைவன்முன் நடுங்கி நிற்பவர் என்று பொருள். இஸ்ரேல் மக்கள்தொகையில் அவர்கள் சுமார் 14 விழுக்காட்டினர். நியூயார்க் மாநிலத்திலும் பெரிய எண்ணிக்கையில் வாழ்கிறார்கள். வில்லியம்ஸ்பர்க், பரோ பார்க் போன்ற நகர வட்டாரங்களைத் தவிர, அவர்களுக்கென்றே உருவான சிற்றூர்களும் உண்டு. அவற்றில் ஒன்றான கிரியாஸ் ஜோயெலில் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சுமார் 33,000 பேர் இருந்தனர்.

ஹரேடிகள் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. அவர்களுக்குள் பல குழுக்கள். ‘ஹசிதிம்’ என்போர் தத்தம் குருவின் வழிநடப்பவர்கள். வில்லியம்ஸ்பர்க்கின் ‘சாட்மர்’ குழு அவர்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்று.

அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்? ஆண்களுக்குக் கறுப்பு நிற நீள அங்கி, காதோரம் சுருண்டு தொங்கும் முடி. மணமான பெண்கள் தலைமுடியை மறைத்துக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்ததிலிருந்து சனிக்கிழமை இரவுவரை ஓய்வுநாள். அந்த நேரத்தில் விளக்கைப் போடுவதில்லை, காரில் ஏறுவதில்லை, தொலைபேசியைத் தொடுவதில்லை. பல வீடுகளில் தொலைக்காட்சி கிடையாது. இணையம் இல்லாத ‘கோஷர்’ கைப்பேசிகள் தனியாக விற்கப்படுகின்றன. 2012 மே மாதம் இணையத்தின் ஆபத்துகளைப் பற்றிப் பேச நியூயார்க்கின் சிட்டி ஃபீல்ட் விளையாட்டரங்கில் சுமார் 40,000 ஆண்கள் திரண்டார்கள்.

ஹசிதிம் வீடுகளில் பேசும் மொழி பெரும்பாலும் இட்டிஷ். ஜெர்மன் மொழிக்கு நெருங்கிய உறவு, எபிரேய எழுத்து.

ஏன் இவ்வளவு கட்டுப்பாடு?

சாட்மர் என்பது இன்றைய ருமேனியாவில் உள்ள ஓர் ஊரின் பெயர். அதன் குரு ஜோயெல் டெய்ட்டல்பாம், நாட்சிகளின் படுகொலையிலிருந்து உயிர்தப்பி 1946இல் நியூயார்க் வந்து சேர்ந்தார். அவரைச் சுற்றிக் கூடியவர்களில் பலர் பெற்றோரையும் பிள்ளைகளையும் மொத்தக் கிராமத்தையுமே இழந்தவர்கள். மிச்சமிருந்ததைக் காப்பாற்ற அவர்கள் கண்ட வழி, மதில் எழுப்புவது. தனி மொழி, தனி உடை, தனிப் பள்ளி.

மதிலுக்குள் பாசத்துக்குக் குறைவில்லை. இதை நாம் மறந்துவிடக்கூடாது. வட்டியில்லாக் கடன் கொடுக்கும் ‘கெமாக்’ நிதிகள் உண்டு. அவசர அழைப்புக்கு ஓடிவரும் ‘ஹட்சோலா’ தொண்டூழிய மருத்துவ உதவிக் குழு உண்டு. மருத்துவமனையில் இருப்பவருக்கு வீட்டுச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கத் தனிக் குழுக்கள் உண்டு. பிள்ளை பிறந்தால், வேலை போனால், யாராவது இறந்தால், சொல்லாமலே ஆள் வந்து நிற்கும்.

வேலை, வீடு, கடன், கல்யாணம், மருத்துவம், நண்பர்கள் எல்லாமே ஒரே இடத்திலிருந்து கிடைக்கின்றன. அதனால், நம்பிக்கை ஒன்றை மட்டும் கைவிட நினைப்பவர் மற்ற எல்லாவற்றையும் சேர்த்தே கைவிட வேண்டியிருக்கிறது. விலை இவ்வளவு அதிகமாவதற்கு அதுவே காரணம்.

முதல் இழப்பு: மொழியும் படிப்பும்

நீங்கள் பிறந்ததிலிருந்து நியூயார்க்கில் வாழ்கிறீர்கள். ரயிலில் சில நிலையங்கள் தாண்டினால் மன்ஹாட்டன். ஆனால் வேலைக்கான விண்ணப்பப் படிவத்தை ஆங்கிலத்தில் நிரப்ப உங்களால் முடியவில்லை. நம்ப முடிகிறதா?

ஹசிதிம் ஆண்பிள்ளைகள் பலரின் நிலைமை இதுதான். அவர்கள் படிக்கும் ‘யெஷிவா’ பள்ளிகளில் நாளின் பெரும்பகுதி சமயப் பாடம். ஆங்கிலமும் கணக்கும் தொடக்கப்பள்ளி வயதில் ஒரு நாளைக்குக் கொஞ்ச நேரம். பதின்ம வயதில் பல பள்ளிகளில் அதுவும் நின்றுவிடும். அறிவியல், வரலாறு பெயருக்குக்கூட இருக்காது. பெண்பிள்ளைகளுக்குப் பொதுவாக இதைவிடக் கூடுதலாகவே பொதுப்பாடங்கள் கற்பிக்கப்படுகின்றன. இஸ்ரேலிலும் கிட்டத்தட்ட இதே கதை. ஹரேடி ஆண்பிள்ளைகள் பெரும்பாலோர் 13, 14 வயதுக்குப் பிறகு கணக்கு, ஆங்கிலம் படிப்பதில்லை. பல்கலைக்கழகத்துக்குத் தேவையான பள்ளியிறுதித் தேர்வையும் எழுதுவதில்லை.

இது வெறும் குற்றச்சாட்டு இல்லை. 2019இல் நியூயார்க்கின் பெரிய யெஷிவாக்களில் ஒன்று 1,000க்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு மாநிலத்தின் பொதுத்தேர்வை நடத்தியது. வாசிப்பிலும் கணக்கிலும் ஒருவர்கூடத் தேறவில்லை. 2022இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வெளியிட்ட புலனாய்வுச் செய்தி அதை வெளிக்கொண்டுவந்தது.

“அதுக்கென்ன, வெளியே வந்து இங்கிலீஷ் கத்துக்கிட்டா போச்சு” என்று தோன்றலாம். 22 வயதில் பின்னம் கற்றுக்கொள்வது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பகலில் கிடைத்த வேலை, இரவில் படிப்பு. உயர்நிலைப்பள்ளிக்கு இணையான சான்றிதழ் வாங்கவே சில ஆண்டுகள் ஆகலாம். அதுவரை வாடகை யார் கொடுப்பது?

மொழி இன்னொரு விதத்திலும் இடிக்கிறது. இருமொழியில் வளர்ந்த நமக்கு இது புரியும். வீட்டில் ஒன்று, வெளியில் ஒன்று என்று மாறிமாறிப் பேசுவோம், எதையும் இழந்ததாக நினைப்பதில்லை. ஒற்றை மொழியில் வளர்ந்தவருக்கு வேலை நேர்காணலிலும் தடுமாற்றம், நட்பிலும் தடுமாற்றம். நகைச்சுவை பிடிபடாது. பாட்டு, படம், விளையாட்டு என்று சக வயதினர் பேசும் எதுவும் தெரியாது. சொந்த ஊரிலேயே புதிதாகக் குடியேறியவரைப் போல நிற்பார்.

ஃபெல்ட்மனுக்கு அந்தத் தாய்மொழியே பின்னால் கைகொடுத்தது. இட்டிஷ் தெரிந்தவருக்கு ஜெர்மன் முழுக்க அந்நியமாக இருக்காது. இன்று அவர் ஜெர்மன் மொழியிலும் எழுதுகிறார்.

இரண்டாவது இழப்பு: குடும்பம்

ஷுலெம் டீன் என்பவரின் கதையைப் பார்ப்போம். மன்ஹாட்டனிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் இருக்கும் நியூ ஸ்குவேர், ‘ஸ்கவெர்’ ஹசிதிம் குழுவினரின் ஊர். டீன் அங்கே வாழ்ந்தார். 18 வயதில் திருமணம், பிறகு ஐந்து பிள்ளைகள். ரகசியமாக வானொலி கேட்கத் தொடங்கினார். அடுத்து நூலகம், அடுத்து இணையம். ஒவ்வொன்றும் ஒரு சந்தேகத்தைக் கூட்டியது.

2005இல் ஊர்ப் பெரியவர்கள் அவரை அழைத்து, சமய நம்பிக்கைக்கு எதிரானவர் என்று சொல்லி, ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போனார். மணவாழ்க்கை முறிந்தது. பிள்ளைகளும் ஒவ்வொருவராக விலகிப் போனார்கள். 2015இல் அவர் எழுதிய நூலில் நம்பிக்கை போன கதையைவிட, பிள்ளைகள் போன கதையே வாசிப்பவரை அதிகம் உலுக்கும்.

பெற்றோர் ஏன் பிள்ளையை ஒதுக்குகிறார்கள்? பாசம் இல்லாமலா?

தமிழ்க் குடும்பத்தில் வளர்ந்த நமக்கு இதற்கான பதில் பாதி தெரியும். “உன் தங்கச்சியை யார் கட்டுவா?” என்ற வசனம் நம் நாடகங்களில் எத்தனை முறை வந்திருக்கிறது! ஹரேடி சமூகத்தில் திருமணங்கள் ஏற்பாட்டுத் திருமணங்கள். தரகர் வருவார், இரு வீட்டாரும் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். ‘அந்த வீட்டுப் பையன் வழிமாறிப் போய்விட்டான்’ என்ற ஒரு வரி, அவனுடைய தம்பி தங்கைகள் அனைவரின் வரனையும் பாதிக்கும். வீட்டில் ஏழெட்டுப் பிள்ளைகள் இருப்பது சாதாரணம். ஒருவரை வீட்டுக்குள் விட்டால் மற்ற ஆறு பேரின் வாழ்க்கை கெடுமோ என்ற பயத்தில் பெற்றோர் கதவைச் சாத்துகிறார்கள். சாத்திவிட்டு உள்ளே அழுகிறார்கள்.

போகிறவருக்கும் அது தெரியும். அதனால் குற்றவுணர்வு இரட்டிப்பாகிறது. “நான் சந்தோஷமா இருக்கணும்னு என் தங்கச்சி வாழ்க்கையைக் கெடுத்துட்டேனா?” என்ற கேள்வி பல ஆண்டுகள் கூடவே வரும்.

எல்லாக் குடும்பங்களும் அப்படி இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சில பெற்றோர் பிள்ளை இறந்ததாகவே கருதித் துக்கம் காக்கிறார்கள். சிலர் ரகசியமாகத் தொலைபேசியில் பேசுகிறார்கள். ‘வரும்போது தொப்பி போட்டுக்கிட்டு வா, தெருவுக்குத் தெரிய வேண்டாம்’ என்று சமரசம் செய்துகொள்பவர்களும் உண்டு. கொஞ்சம் கொஞ்சமாக உறவு திரும்பிய வீடுகளும் இருக்கின்றன.

மூன்றாவது இழப்பு: பிள்ளைகள்

மணமாகிப் பிள்ளை பெற்றபின் வெளியேறுபவருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, மிகப் பெரிய பயம் நீதிமன்றம்.

நியூயார்க்கில் நடந்த ஒரு வழக்கு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஹசிதிம் தம்பதி 2009இல் பிரிந்தபோது, பிள்ளைகளை ஹசிதிம் முறைப்படியே வளர்ப்பதாக ஒப்பந்தம் போட்டார்கள். பிறகு தாய் அந்த வாழ்க்கைமுறையை விட்டு விலகினார். பிள்ளைகளைத் தம்மிடம் தரவேண்டும் என்று தந்தை நீதிமன்றம் சென்றார். கீழ் நீதிமன்றம் தந்தையின் பக்கம் நின்றது. பிள்ளைகள்முன் தாய் ஹசிதிம் விதிகளின்படியே நடந்துகொள்ள வேண்டும் என்றும் உத்தரவிட்டது. அதாவது, நம்பாத ஒன்றை நம்புவதுபோல் நடித்தால்தான் பிள்ளைகளோடு இருக்கலாம்.

2017 ஆகஸ்ட்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. பிள்ளைகள் தாயிடமே வளரலாம் என்றது. ஒருவரைக் கட்டாயப்படுத்திச் சமய வாழ்க்கை வாழவைக்க நீதிமன்றத்தால் முடியாது என்பதும் தீர்ப்பின் சாரம்.

எல்லாருக்கும் அப்படித் தீர்ப்பு கிடைப்பதில்லை. அதே 2017இல் வெளிவந்த ‘ஒன் ஆஃப் அஸ்’ ஆவணப்படத்தில் வரும் தாய், ஏழு பிள்ளைகளையும் தம்மோடு வைத்துக்கொள்ளும் உரிமையை இழந்தார்.

நீதிமன்றங்கள் இப்படித் தீர்ப்பளிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பராமரிப்பு வழக்குகளில் ‘பிள்ளைக்குப் பழகிய சூழல் மாறக்கூடாது’ என்பது முக்கியமான அளவுகோல். பொதுவாகப் பார்த்தால் நியாயமானது. ஆனால் மூடிய சமூகத்தில் அது எப்போதும் உள்ளே இருப்பவருக்கே சாதகமாக அமைகிறது. பழகிய பள்ளி, பழகிய தாத்தா பாட்டி, பழகிய தெரு எல்லாம் அவர் பக்கம். வழக்கறிஞருக்குப் பணம் திரட்டச் சமூகமும் அவர் பக்கம். வெளியேறியவர் தனியாள்.

நான்காவது இழப்பு: கண்ணுக்குத் தெரியாதது

சாப்பாட்டுக் கடையில் என்ன கேட்பது? எதிர்பாலினத்தவரோடு எப்படிப் பேச்சைத் தொடங்குவது? என்ன உடை எதற்குப் பொருத்தம்? நாம் பள்ளியிலும் வீவக அடுக்குமாடிக் கீழ்த்தளத்திலும் நமக்கே தெரியாமல் கற்றுக்கொண்டதை அவர்கள் 20 வயதுக்குமேல் ஒவ்வொன்றாகக் கற்க வேண்டியிருக்கிறது.

இதுவரை உங்கள் நாளை யாரோ வகுத்துத் தந்தார்கள். எழுந்ததும் என்ன சொல்ல வேண்டும், எந்தக் காலணியை முதலில் போட வேண்டும் என்பதுவரை விதி இருந்தது. திடீரென்று எதற்கும் விதி இல்லை. சிலருக்கு அது விடுதலையாக இருக்கிறது. பலருக்கு முதலில் அது பயமாக இருக்கிறது. மூளை நம்புவதை நிறுத்திவிட்டாலும், உடம்பு நிறுத்த நாளாகும். தடைசெய்யப்பட்ட உணவை முதல்முறை வாயில் வைக்கும்போது கை நடுங்குவது அதனால்தான்.

பிறகு வெள்ளிக்கிழமை இரவு. குடும்பமே ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாடிச் சாப்பிடும் நேரம் அது. வாடகை அறையில் தனியாக இருப்பவருக்கு அந்த இரவு நீளமானது. தீபாவளி அன்று வெளிநாட்டில் தனியாக இருந்திருக்கிறீர்களா? அது வாரந்தோறும் வந்தால் எப்படி இருக்கும்?

மனச்சோர்வு, பதற்றம், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஆகியவை வெளியேறியவர்களிடையே தொடர்ந்து பேசப்படும் கவலைகள். கண்டிப்பான வளர்ப்பு மட்டும் அதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஒரே நேரத்தில் எல்லா உறவும் அறுந்துபோவதும் ஒரு பெரிய காரணம்.

அப்படின்னா ஏன் எல்லாரும் அங்கேயே இருக்கிறார்கள்?

பலர் மனம் ஒப்பியே இருக்கிறார்கள். அந்த வாழ்க்கையில் அர்த்தமும் ஆறுதலும் காண்கிறார்கள். அமெரிக்காவின் பியூ ஆய்வு நிலையம் 2020இல் நடத்திய கருத்தாய்வில், ஆர்தடாக்ஸ் யூதர்களாக வளர்ந்தோரில் 67 விழுக்காட்டினர் இன்னும் ஆர்தடாக்ஸாகவே இருப்பதாகச் சொன்னார்கள். அந்த எண்ணிக்கையில் அவ்வளவு கண்டிப்பில்லாத ஆர்தடாக்ஸ் பிரிவினரும் அடங்குவர்.

இன்னொரு வகையினர் உண்டு. உள்ளே நம்பிக்கை போய்விட்டது; வெளியே உடையும் வழிபாடும் அப்படியே. மனைவி, பிள்ளைகள், வேலைக்காக இரட்டை வாழ்க்கை வாழ்கிறார்கள். அவர்களை எந்தக் கருத்தாய்வும் சரியாக எண்ண முடியாது. விலையைக் கணக்குப் பார்த்து, கட்டுப்படியாகாது என்று முடிவெடுத்தவர்கள் அவர்கள். அவர்களைக் கோழைகள் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

அரசாங்கங்கள் என்ன செய்கின்றன?

நியூயார்க்கில் போராட்டத்தின் மையம், பள்ளி. தனியார் பள்ளிகளின் கல்வி, அரசுப் பள்ளிக் கல்விக்குக் ‘கணிசமான அளவில் இணையாக’ இருக்க வேண்டும் என்று அங்கே நூறாண்டுக்கும் மேலாகச் சட்டம் இருக்கிறது. ஆனால் நீண்டகாலம் யாரும் கண்டுகொள்ளவில்லை. நடந்தது இதுதான்:

2015 - யெஷிவாவில் படித்தவர்களே தொடங்கிய ‘யாஃபெட்’ அமைப்பு, நியூயார்க் நகரின் 39 பள்ளிகள்மீது புகார் கொடுத்தது.

2019 - நகர அதிகாரிகள் பார்வையிட்ட 28 பள்ளிகளில் இரண்டு மட்டுமே சட்டத்தின் தரத்தை எட்டியதாக அறிக்கை வந்தது.

2022 - மாநிலக் கல்வி வாரியம் தெளிவான விதிகளை வகுத்தது.

2023 - 18 யெஷிவாக்கள் தரத்தை எட்டவில்லை என்று நகரம் அறிவித்தது.

2025 - மாநில வரவுசெலவுத் திட்டத்தோடு விதிகள் தளர்த்தப்பட்டன. பள்ளிகளுக்குக் கூடுதல் அவகாசமும் எளிதான வழிகளும் கிடைத்தன.

ஏன் தளர்த்தினார்கள்? ஹசிதிம் சமூகத்தினர் பெரும்பாலும் ஒரே அணியாக வாக்களிப்பவர்கள். அந்த வாக்குகளை எந்த அரசியல்வாதியும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. சமூகத் தலைவர்களின் வாதத்திலும் பொருள் இல்லாமல் இல்லை. பிள்ளைக்கு என்ன கற்பிப்பது என்பது பெற்றோரின் உரிமை, சமய நூல்களை அலசி ஆராய்வதும் சிந்தனையை வளர்க்கும் கல்விதான், அரசாங்கம் யூதப் பள்ளிக்குள் நுழைந்தபோதெல்லாம் வரலாற்றில் என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியும் என்கிறார்கள் அவர்கள்.

கனடாவில் இன்னொரு வழி முயன்று பார்க்கப்பட்டது. கியூபெக் மாநிலத்தின் ‘டாஷ்’ ஹசிதிம் குழுவை விட்டு வந்த யோஹனன் லோவன், ஷிஃப்ரா லோவன் தம்பதி, தங்களுக்கு அடிப்படைக் கல்வி கிடைப்பதை உறுதிசெய்யத் தவறியதாக மாநில அரசாங்கத்தின்மீதே வழக்குத் தொடர்ந்தார்கள். 2020 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அவர்கள் கேட்ட அறிவிப்பை நீதிமன்றம் தர மறுத்துவிட்டது. 2017இலேயே கல்விச் சட்டத்தை மாநிலம் திருத்திவிட்டது என்பது முக்கியக் காரணம். வழக்கில் தோற்றாலும், பள்ளிக்கூடத்தைப் பற்றிய கேள்வியை அவர்கள் பொதுவெளிக்குக் கொண்டுவந்தார்கள்.

யார் கைகொடுக்கிறார்கள்?

பெரும்பாலும், முன்னால் வெளியேறியவர்கள். நியூயார்க்கில் 2003இல் தொடங்கிய ‘ஃபுட்ஸ்டெப்ஸ்’ அமைப்பை உருவாக்கியவரே ஹசிதிம் சமூகத்திலிருந்து வந்த பெண்தான். ஆங்கில வகுப்பு, உயர்நிலைப்பள்ளிச் சான்றிதழுக்கான துணைப்பாடம், கல்வி உதவித்தொகை, மனநல ஆலோசனை, பிள்ளைப் பராமரிப்பு வழக்குகளில் உதவி என்று அது செயல்படுகிறது. இஸ்ரேலில் 1991 முதல் ‘ஹிலெல்’ அமைப்பு இயங்குகிறது. போக இடமில்லாமல் வருவோர்க்குத் தற்காலிகத் தங்குமிடமும் தருகிறது.

இஸ்ரேலிய ராணுவத்தில் ‘தனிப் படைவீரர்’ என்று ஒரு பிரிவு உண்டு. குடும்ப ஆதரவின்றிச் சேவையாற்றுவோருக்கு அதிகப்படியான உதவித்தொகையும் தங்குமிட வசதியும் கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து தனியாக வந்து சேர்பவர்களுக்கு இது பொருந்தும். குடும்பத்தோடு தொடர்பு அறுந்த ஹரேடி இளையர்களும் இதில் சேர்க்கப்படுகிறார்கள். பத்து நிமிட நடைதூரத்தில் பெற்றோர் இருக்க, அரசாங்கக் கோப்பில் அவர்கள் ‘தனியாள்’.

எபிரேய மொழியில் ஒரு சொல் விளையாட்டு இருக்கிறது. சமய வாழ்க்கைக்குத் திரும்புபவரை ‘பதிலோடு திரும்பியவர்’ என்று பொருள்பட அழைப்பார்கள். மனந்திரும்புதலுக்கும் பதிலுக்கும் அங்கே ஒரே சொல். அதற்கு மாறாக, வெளியேறியவரை ‘கேள்வியோடு வெளியே போனவர்’ என்கிறார்கள்.

நமக்கு இதில் என்ன?

நியூயார்க்கில் நடப்பது சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ அப்படியே நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. சிங்கப்பூரில் 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம். ஆங்கிலமும் கணக்கும் தெரியாமல் ஒரு பிள்ளை வளர்வது இங்கே கடினம். அதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். ஹசிதிம் இளையர்களின் கதையைக் கேட்ட பிறகு, அது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று புரிகிறது. படிப்பு யாரையும் சமூகத்தை விட்டு வெளியே தள்ளுவதில்லை. படித்துவிட்டு உள்ளேயே மகிழ்ச்சியாக இருப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். இருப்பதா போவதா என்று ஒருவர் தாமே முடிவெடுக்க அது வழிவிடுகிறது. முடிவெடுக்கும் வயது வருவதற்குமுன்பே அது கையில் இருக்க வேண்டும். 22 வயதில் நீதிமன்றம் போய் வாங்கக்கூடிய பொருள் இல்லை அது.

உங்களுக்குத் தெரிந்த ஒருவர், ஏதோ ஒரு குழுவையோ நெருக்கமான வட்டத்தையோ விட்டு விலகும் நிலையில் இருக்கலாம். என்ன செய்யலாம்?

அவருடைய குடும்பத்தையோ நம்பிக்கையையோ கேலி செய்யாதீர்கள். அவர் கோபமாகத் திட்டினாலும், நீங்கள் சேர்ந்து திட்ட வேண்டாம். அது அவருடைய அம்மா.

“இப்போ நீ ஃப்ரீ, ஜாலியா இரு” என்று அவசரப்படுத்தாதீர்கள். அவர் துக்கத்தில் இருக்கிறார். உயிரோடு இருப்பவர்களுக்காகத் துக்கப்படுவது இன்னும் கஷ்டம்.

சின்ன உதவிகள் பெரியவை. படிவம் நிரப்பித் தருவது, நேர்காணலுக்கு முன் பேசிப் பழக உதவுவது, பண்டிகை நாளில் வீட்டுக்குக் கூப்பிடுவது.

திரும்பிப் போகும் வழியை அவருக்காக நீங்கள் அடைக்காதீர்கள். சிலர் பாதி வழியில் நிற்பார்கள். சிலர் திரும்பியும் போவார்கள். முடிவு அவருடையது.

மனம் மிகவும் கனத்தால், சிங்கப்பூரில் 1767 என்ற எண்ணில் எஸ்ஓஎஸ் நேரடி உதவித் தொலைபேசிச் சேவையையோ, 1771 என்ற எண்ணில் தேசிய மனநல உதவிச் சேவையையோ எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

இனி யாராவது “பிடிக்கலைன்னா வெளியே வந்துடலாமே?” என்று கேட்டால், நீங்கள் திருப்பிக் கேட்கலாம்: “வந்தா எங்க தங்குவாங்க? வெள்ளிக்கிழமை ராத்திரி யாரோட சாப்பிடுவாங்க?”